ஒட்டாமல் கொடுத்த கடிதங்கள்

துறைமுகத்து ஆட்கள் வேலையை நிறுத்தி, சரக்குக் கப்பல்கள் எல்லாம் உள்ளே வர வழியில்லாமல் கடலிலேயே விளக்கெரித்துக்கொண்டு நின்ற வருஷம் அது. சோப்புக்கு வரிசை, தீப்பெட்டிக்கு வரிசை. ரயில் பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்துபோய், பயணிகள் இந்தப் பக்கம் இறங்கி நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறினார்கள். பட்டப்பகலில் சூரியன் மறைந்ததும் அந்த வருஷம்தான். கோழிகள் கூட்டுக்குள் போய்விட்டு ஏமாந்து திரும்பி வந்தன. என் மனைவி செத்து இரண்டாவது வருஷம்.

எனக்கு எழுத்து தெரியாது. குளம் வெட்டுவது என் தொழில். வருகிற கடிதத்தை மேல்வீட்டுத் தையல்காரம்மா வாசிப்பாள், போகிற கடிதத்தை நான் சொல்ல அவளே எழுதுவாள். அந்தக் காகிதங்கள் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டன. காதில் விழுந்தது எனக்கு மறந்துபோகாது. அப்படியே சொல்கிறேன்.

என் மகள் கடலோரத்தில் ஒரு மீன் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தாள். குஞ்சுக்கு என்ன ஊட்டுகிறார்கள் என்பது அங்கே வீட்டுச் சாவி மாதிரி ரகசியம். வேலையாட்கள் கடிதத்தை ஒட்டாமல் ஆபீஸில் கொடுக்க வேண்டும், கிளார்க் படித்துவிட்டு ஒட்டி அனுப்புவார். தீவனத்தைப் பற்றி ஒரு சொல் எழுதக் கூடாது. போன் மேனேஜர் மேஜையில் இருந்தது. ஒரு தொட்டிக் குஞ்சு விற்றுத் தீரும்வரை யாரும் வாசலைத் தாண்ட முடியாது, பார்க்க வருகிறவர்களையும் விடமாட்டார்கள்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என் மகனைப் போலவே நினைப்பீர்கள். கடல் மீன் குஞ்சுக்கு ஒரு கொழுப்பு வேண்டும். மீன் எண்ணெயில்தான் அது இருக்கிறது. குஞ்சு தன் உடம்பில் அதைத் தானே செய்துகொள்ளாது. ஆர்ட்டீமியா என்று தூசி போல ஒரு பூச்சி; அதைப் பொரித்து, அதற்கு மீன் எண்ணெய் ஊட்டி, அந்தப் பூச்சியைக் குஞ்சுக்குப் போடுவார்கள். மீன் எண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய் ஊட்டினாலும் குஞ்சு தின்னும். வயிறு நிறையும், உடம்பு பளபளக்கும். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வலையில் தூக்கினாலோ, வேறு தண்ணீரில் விட்டாலோ அந்த அதிர்ச்சியிலேயே விறைத்துச் செத்துப்போகும். கப்பல் நின்றதால் அந்த வருஷம் மீன் எண்ணெய் வரவில்லை. இது எதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது.

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வீறாப்பு வேண்டாம்.

சொன்ன நாளுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். இங்கே வேலை இருந்தது.

புதுத் தொட்டியில் கொடுவா மீன் குஞ்சு பொரித்திருக்கிறது. உடம்பு கண்ணாடி, கண் மட்டும்தான் தெரிகிறது. கொஞ்ச நாளில் ஒன்றை ஒன்று விழுங்க ஆரம்பிக்கும். பெரியதை ஒரு தொட்டி, சின்னதை ஒரு தொட்டி என்று பிரித்துப் போட்டால்தான் மிஞ்சும். சண்டை போட்டால் அண்ணனையும் என்னையும் நீங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைப்பீர்களே, அந்த மாதிரி.

ஆபீஸில் புது கிளார்க் வந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடிக்காரர், சாது. கடிதத்தைப் படித்து, எழுத்துப் பிழை இருந்தால் பென்சிலால் திருத்தித் தருகிறார். "படிப்ப பாதியில விட்டியாம்மா? பரவால்ல, மீதிய இங்க படிச்சிரலாம்" என்கிறார். இதையும் அவர்தான் திருத்துவார்.

அண்ணிக்கு என் அன்பு. கொடியில் என் துண்டு கிடந்தால் துவைத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை துவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்.

வேலை இருந்தது என்றாள். அப்படி ஒன்றும் இல்லை. என் மருமகள் கெட்டவள் இல்லை, வாய் மட்டும் முன்னால் போகும். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க நாத்தனார் வந்தா வீட்டுக்குள்ள கடலே வந்த மாதிரி. தலகாணி உறையக்கூட வெயில்ல போடணும். இவள எவன் கட்டிக்குவான், பூனையத்தான் பாக்கணும்." கதவுக்குப் பின்னால் என் மகள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அவளும் சிரித்தாள். மறுநாள் கிளம்பிவிட்டாள்.

மார்ச் 15

சின்னவளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, உன் அண்ணன் மாதிரி.

குளத்தை வற்றவிட்டு, அடி வெடிக்கக் காயவைத்து, சுண்ணாம்பு போட்டாயிற்று. முழங்கால்வரை வெள்ளையோடு உன் அண்ணன் காலுறை போட்ட துரை மாதிரி வீட்டுக்குள் வருகிறான். போன வருஷம் கரை உடைந்து எல்லாம் ஆற்றோடு போயிற்று. இந்த வருஷமும் தேறாவிட்டால் நிலத்துக்காரர் குளத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். நான் வெட்டிய குளம்தான். ஆனால் வெட்டினவனுக்குக் கைக்காய்ப்புதானே சொந்தம்.

தொட்டி கழுவுகிற நாளில் வேலையாட்களுக்குக் கொடுப்பார்களே பங்குக் குஞ்சு, அதை எப்போது அனுப்புவாய் என்று கேட்கச் சொன்னான். உன் பங்கைத்தான் நம்பியிருக்கிறான். "கடைக்காரன் குஞ்சு கடைக்காரன் குஞ்சுதான். தங்கச்சி கையால வளந்தது ஒண்ணுகூட சாகாதுப்பா" என்கிறான். உன்னிடம் சொல்லமாட்டான், என்னிடம் சொன்னான்.

துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறது.

(தையல்காரம்மா எழுதுவது: உன் அப்பா கண் மங்குகிறது என்று ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார். நேற்று என் தையல் மெஷினுக்கு வணக்கம் வைத்தார்.)

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன்.

அப்பா, இந்த முறை பங்குக் குஞ்சு அனுப்பமாட்டேன். அண்ணன் இங்கிருந்து விலைக்கும் வாங்க வேண்டாம். வேறு எங்காவது பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் இந்த வருஷம் குளம் சும்மா கிடக்கட்டும்.

காரணம் கேட்காதீர்கள்.

என்னை வலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வாளி கழுவுகிறேன். நல்ல வேலைதான், யோசிக்க வேண்டியதில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்.

ஏப்ரல் 12

சின்னவளுக்கு அப்பா சொல்வது. நலம். நீ சாப்பிடுகிறாயா என்பதை எழுது, சுகம் என்று மட்டும் எழுதாதே.

உன் கடிதத்தைத் தையல்காரம்மா வாசித்தபோது உன் அண்ணனும் அண்ணியும் கூட இருந்தார்கள். இருந்திருக்கக் கூடாது. அண்ணி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, "இது குஞ்சுக்காக எழுதினதா, எனக்காக எழுதினதா? நான் ஒரு வாய் சொன்னதுக்கு ஒரு குளத்தையே காயப் போடுறாளா?" என்றாள்.

உன் அண்ணன் அவளை அடக்கினான். "அவ அப்பிடிப்பட்டவ இல்ல. எதோ இருக்கும்" என்றான்.

"என்ன இருக்கும்? இருந்தா எழுதலாம்ல? கையிலயா சுளுக்கு?"

  பாலத்துக்கு இந்தப் பக்கம் பொரிப்பகம் உங்களுடையது ஒன்றுதான், வேறு எங்கே போய் வாங்குவான்? பாலம் உடைந்து கிடக்கிறது. காரணம் கேட்காதே என்கிறாய். நான் கேட்கவில்லை, அம்மா. அவனுக்குச் சொல்ல ஒரு வரி கொடு. ஒரே ஒரு வரி.

அப்பா.

ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

அண்ணனிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள். அவன் வாங்கியே தீருவான் என்றால்

இதற்கு அப்புறம் தையல்காரம்மா நிறுத்திவிட்டாள். "என்னாச்சு?" என்றேன். "இங்க ரெண்டு வரி மையால அடிச்சிருக்கு. தார் பூசின மாதிரி. ஒரு எழுத்துகூடத் தெரியல." காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு மீதியை வாசித்தாள்.

நான் யார் மேலும் கோபமாக இல்லை. அண்ணியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மீன் வாடை என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. இப்போது அந்த வாடைகூட என் கையில் இல்லை.

உங்கள் மகள்.

கிளார்க் அடித்திருப்பார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவர் பென்சிலால் பிழை திருத்துகிற சாது அல்லவா. மருமகள் சொன்னாள்: "என்னயப் பத்தி என்னமோ எழுதிட்டு, அப்புறம் மனசு கேக்காம அவளே அடிச்சிருக்கா. கடைசில வாடைய இழுத்திருக்கா பாத்தீங்கல்ல?" என் மகன் அந்தக் கறுப்பு வரிகளை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மனைவியை ஒரு பக்கம், தங்கையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான்? அடுத்த கடிதத்தை அவனே எழுதினான். ஒட்டுமுன் எனக்கு வாசித்துக் காட்டினான்.

மே 5

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. அப்பா சுகம்.

நீ என்ன எழுதி என்ன அடித்தாய் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னது தப்பு. அதற்கு நான் உன் காலில் விழவும் தயார். ஆனால் அதற்குத் தண்டனை என் குளமா? அப்பா வெட்டிய குளம். நீ சின்னப் பிள்ளையாக அந்தக் கரையில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் கொடுத்தாய்.

உன் பங்கு எனக்கு வேண்டாம். முன்வாசல் வழியாக ஏஜெண்டிடம் முழு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். உன் தொட்டியிலிருந்துதான் வாங்குவேன். பார்த்துக்கொண்டே இரு.

அண்ணன்.

"கடைசி வரிய எடுத்துரலாமேப்பா" என்றேன். "அது ஒண்ணுதான் உண்மையான வரி" என்று ஒட்டிவிட்டான்.

அதற்குப் பதில் வரவில்லை. மே மாதம் முழுக்க வரவில்லை. தபால்காரர் வீட்டைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் இருக்கச் சைக்கிளை வேகமாக மிதித்தார்.

மே 24

சின்னவளுக்கு அப்பா சொல்வது. நாங்கள் சுகம் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்.

அண்ணன் காகிதத்துக்குக் கோபமா? அவனைத் தெரியாதா உனக்கு? வாயால் கடிப்பான், கையால் தடவுவான். ஏஜெண்டுக்குச் சொல்லியாயிற்று. ஜூன் முதல் வாரம் வண்டி வருகிறது. ஏஜெண்டு சாம்பிள் காட்டினான். ஒரு பாட்டிலில் கொஞ்சம் குஞ்சு. நானே பார்த்தேன், என் கண்ணுக்கே தெரிந்தது. கொழுகொழு என்று வயிறு, வெள்ளிக் காசு மாதிரி மினுமினுப்பு. "இவ்வளவு நல்லா வளத்திருக்கா, இதயா வேண்டாங்கறா?" என்று உன் அண்ணன் கண் கலங்கினான். உன்மேல் கோபத்தில் கலங்கினானா, பெருமையில் கலங்கினானா, எனக்குப் பிடிபடவில்லை.

நீ தடுக்க வேண்டும் என்றால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது. இல்லாவிட்டால் நல்லா இருங்கள் என்று ஒரு வார்த்தை எழுது. இரண்டில் ஒன்று.

அப்பா.

ஜூன் 7

சின்னவளுக்கு அப்பா சொல்வது.

வண்டி நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டது. பைகளைக் குளத்தில் மிதக்க விட்டு, தண்ணீர்ச் சூடு ஒன்றாகட்டும் என்று பொறுமையாக இருந்தான் உன் அண்ணன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தபடி. அப்புறம் ஒரு பையைப் பிரித்து, வாயைத் தண்ணீருக்குள் சாய்த்தான். குஞ்சுகள் வெளியே போயின. தண்ணீருக்கடியில் யாரோ கண்ணாடித் தூளைக் கொட்டிய மாதிரி ஒரு மினுக்கு. உன் அண்ணி கை தட்டினாள்.

கைதட்டு முடியவில்லை. ஒன்று சுழன்றது. பக்கத்தில் ஒன்று சுழன்றது. வாயைப் பிளந்து, செவுளை விரித்து, குச்சி மாதிரி விறைத்தன. அடிபட்டால்கூட அப்படி விறைக்காது. "புதுத் தண்ணி, சரியாயிரும்" என்றான். அடுத்த பை. அதற்கடுத்த பை. நிறுத்துடா என்றேன், கேட்கவில்லை. பையில் கிடந்தாலும் சாகும் என்றான்.

மத்தியானத்துக்குள் கரையோரம் எல்லாம் வெள்ளை. பறவைகளுக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டன. ஏஜெண்டு குனிந்து தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு ஜாஸ்தி ஆயிருச்சு சார். எங்க குஞ்சு வயிறப் பாருங்க, எப்பிடி நெறஞ்சிருக்கு. நெறஞ்ச வயித்தோட எதுவும் சும்மா சாகுமா?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

உன் அண்ணன் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தான். "ஆமாப்பா, கரிக்குது. நாந்தான் கூடப் போட்டுட்டேன்" என்றான். எனக்குக் கரிக்கவில்லை. நானும் குடித்துப் பார்த்தேனே.

அவன் நேற்றிலிருந்து குளக்கரையை விட்டு வரவில்லை. நீ எழுது.

ஜூன் 14

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் மே 24, ஜூன் 7 தேதிகளில் அனுப்பிய இரு கடிதங்களையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தங்கள் மகள் தற்சமயம் எங்கள் நிறுவனத்தில் பணியில் இல்லை. விற்பனை முடிந்த மறுநாள் விடுவிக்கப்பட்டார். அவரது புதிய விலாசம் எங்களுக்குத் தெரியாது.

தங்கள் இரண்டாவது கடிதத்தைப் படிக்க நேர்ந்தது. அது என் வேலை. தங்கள் மகன் போட்ட சுண்ணாம்பின் அளவு

இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. தங்கள் கண்ணையும் முழங்காலையும் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அலுவலக எழுத்தர்.

தையல்காரம்மா இதை வாசித்த அன்று என் மகன் வீட்டில் இல்லை. குளத்தை நிலத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, முந்தின நாள் விடியுமுன் கிளம்பிப் போயிருந்தான். துறைமுகத்தில் சமரசம் ஆகி, நின்ற கப்பல்கள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பை, ஒரு போர்வை. "எங்கேயாவது போயி சம்பாதிச்சி அனுப்பறேன்" என்று மனைவியிடம் சொன்னானாம். என் கட்டிலருகே வந்து நின்றான். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன். அழுவதை நான் பார்க்க வேண்டாம் என்று அவனுக்கு இருந்திருக்கும்.

அடுத்ததாக வந்தது ஒட்டிய கடிதம். அவள் அங்கே வேலைக்குப் போனதிலிருந்து தன் கையால் ஒட்டி அனுப்பிய முதல் கடிதம் அதுதான். அண்ணன் பேருக்கு வந்தது. நான்தான் பிரிக்கச் சொன்னேன்.

ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமா? வண்டி நம் வீட்டுப் பக்கம் போனது என்று டிரைவர் சொன்னார். என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இப்போது சொல்லலாம், யாரும் படிக்கமாட்டார்கள். மீன் எண்ணெய் வரவில்லை, அண்ணா. மேனேஜர் சமையல் எண்ணெயை அடித்துப் பூச்சிக்கு ஊட்டச் சொன்னார். என் வேலை என்ன தெரியுமா? ஒரு பிடி குஞ்சை வலையில் எடுத்துக் காற்றில் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, திரும்பத் தண்ணீரில் விட்டு, எத்தனை எழுந்து நீந்துகிறது என்று பார்ப்பது. எழவில்லை. மூன்று தொட்டியிலும் எழவில்லை. சொன்னேன். "வயிறு நெறஞ்சிதானே இருக்கு? நீ எதுக்குத் தூக்கிப் பாக்கற? தூக்கினா யாருதான் சாகமாட்டா?" என்று மேனேஜர் வலையைப் பிடுங்கிக்கொண்டார்.

கறுப்பு அடித்த வரியில் இருந்தது இதுதான்: வாங்குமுன் ஒரு பிடியை வலையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எழுந்து நீந்தாவிட்டால் வாங்க வேண்டாம். அண்ணியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் அப்படி நினைத்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. அன்றைக்கே உனக்கு எல்லாவற்றையும் எழுதிக் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத அனுப்பினா எனக்கும் வேல போயிரும், உனக்கும் போயிரும். எனக்கு மூணு பொண்ணும்மா" என்றார். மேனேஜரிடம் கொடுத்துவிட்டார். விற்றுத் தீரும்வரை உள்ளேயே வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள்.

சாகடித்தது உன் குளம் இல்லை. உன் தண்ணீர் இல்லை. உன் கை இல்லை.

நீ ஒரு வரி எழுதினால் வீட்டுக்கு வருவேன். திட்டி எழுதினாலும் வருவேன். இங்கே ஒரு சலவைக்கடை மாடியில் இருக்கிறேன், விலாசம் கீழே.

தங்கை.

 மருமகள் கடைசிவரை நின்று கேட்டாள். பிறகு உள்ளே போய், மடித்து வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 25

சின்னவளுக்கு அப்பா சொல்வது.

உன் அண்ணன் எழுதமாட்டான், அவன் இங்கே இல்லை. உன் கடிதம் வருமுன்பே போய்விட்டான். எந்தக் கப்பல் என்று தெரியாது. சுண்ணாம்பு என்றே நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். அவன் விலாசம் கிடைத்ததும் உன் கடிதத்தை அப்படியே அனுப்புவேன்.

நீ வா. அவன் வரிக்காகக் காத்திருக்காதே. உன் அண்ணி சொல்லச் சொன்னாள், அவள் வார்த்தையையே எழுதச் சொல்கிறேன்: "தலகாணி உறை மாத்தல. அப்பிடியேதான் இருக்கு. வந்து படுத்துக்கச் சொல்லுங்க."

அப்பா.

அவள் வந்தாள். அதனால் எங்களுக்குள் கடிதம் நின்றது. குளிர்காலத்தில் ஒன்று வந்தது. அதை என் மகளே வாசித்தாள்.

நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கண், முழங்கால் எப்படி? அவளைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தையல்காரம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். தபால்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். நிலத்துக்காரர் குளத்தை யாருக்கு விட்டார்? யாராக இருந்தாலும் சுண்ணாம்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

இங்கே கப்பலில் எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றி இறக்குகிறோம். என்ன எண்ணெய் என்று யாரும் சொல்வதில்லை. வாடை மட்டும் பழகிய வாடையாக இருக்கிறது. துணியில் ஏறினால் போவதில்லை.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்.

"எல்லாரும்னு போட்டிருக்கான்ல, அதுல நானும் உண்டுதானப்பா?" என்றாள் என் மகள். "உண்டும்மா" என்றேன். அவள் இன்னொரு தடவை வாசித்தாள். குரலில் ஒன்றும் இல்லை.

அவள் ஒட்டி அனுப்பிய கடிதத்தை அந்த விலாசத்துக்கு அனுப்பினோம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த வருஷம் ஒரு கப்பல் கம்பெனிக் காகிதம் வந்தது. சரக்கு அறையில் பீப்பாய் சரிந்து என் மகன்மேல் விழுந்தது என்று எழுதியிருந்தது. மருமகள் சில காலம் கழித்து அவள் தாய்வீட்டுக்குப் போனாள். போகும்போது என் மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அங்கேயே கண்ணை மூடினாள். தையல்காரம்மாவும் போய்விட்டாள். என் மகள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடேயே இருந்து, தலை நரைத்து, நான்கு மழைக்காலத்துக்கு முன்னால் என் கண் முன்னாலேயே போனாள். பெற்றவனுக்கு இவ்வளவு ஆயுசு ஆகாது.

அண்ணனுக்கு எழுதிக் கிளார்க்கிடம் கொடுத்தாளே, வந்து சேராத கடிதம், அதில் என்ன எழுதியிருந்தாள் என்று ஒருமுறை கேட்டேன். எண்ணெயைப் பற்றித்தான் என்றாள். "அது மட்டுந்தானா?" "வேற கொஞ்சம் இருந்துச்சு. போகட்டும்ப்பா, அது அண்ணனுக்கு எழுதினது" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மற்ற எல்லாக் கடிதமும் எனக்கு வரிக்கு வரி தெரியும். அது ஒன்று தெரியாது. எழுதினவள் இல்லை. படித்துவிட்டுக் கிழித்த மேனேஜர் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார். அதைப் படித்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது, மூன்றாவது மகள் வீட்டில், காது கேளாமல், எதிரில் யார் வந்தாலும் பென்சில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்கிறார்களே, அந்தப் பொரிப்பகத்துக் கிளார்க் ஒருவர்தான்.